குடை ராட்டினத்துக்கு நான் எழுதிய மனு

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தோம். நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்தேன். என் கணவருக்கு பாங்கில் வேலை. ஒரே மகள், அப்போது ஆறு வயது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி, தியாகராய நகர்ப் பக்கம் இருந்த ஒரு சிறுவர் பூங்காவுக்குப் போவேன். அது மாநகராட்சிப் பூங்கா இல்லை. அந்தத் தெருக்காரர்கள் சங்கம் வைத்து நடத்தியது. ஒரு சறுக்கு மரம், நாலு ஊஞ்சல், நடுவில் ஒரு குடை ராட்டினம்.

அந்த ராட்டினத்தில் நானே சின்ன வயதில் சுற்றியிருக்கிறேன். நடுவில் ஆள் கட்டிப்பிடிக்க முடியாத ஒரு தேக்குக் கம்பம். அதன் உச்சியிலிருந்து குடைக்கம்பிகள் மாதிரி இரும்புத் தண்டுகள் விரிந்து, ஒவ்வொரு தண்டிலும் ஒரு மரக்குதிரை தொங்கும். என் காலத்தில் இரண்டு பேர் தள்ளுவார்கள். பிறகு மோட்டார் வைத்துவிட்டார்கள். மாவு மில்லில் ஓடுமே, அதுபோல ஒரு கான்வாஸ் பட்டை மோட்டாரிலிருந்து வந்து ராட்டினத்தைச் சுற்றும். குதிரைகளுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடித்து அடித்து, கண்ணும் மூக்கும் மழுங்கி, எது எந்தக் குதிரை என்று பழகியவர்களுக்குத்தான் தெரியும். என் மகள் ஏறுவது நான் ஏறிய அதே குதிரை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அந்த வருஷம் கோடை விடுமுறை முடிந்ததும் பூங்கா வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பழைய ராட்டினத்தை எடுத்துவிட்டுப் புதிய இயந்திரம் வைப்பது பற்றிப் பேச பொதுக்கூட்டம் கூடும் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தவர் சங்கத்தின் செயலாளர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்து நன்றாக வந்தவர். சரக்கெடுக்க பம்பாய் போன இடத்தில் ஒரு புது ராட்டினத்தைப் பார்த்திருக்கிறார். இரும்புக் கைகளின் நுனியில் தகர ராக்கெட்டுகள், அவை மேலும் கீழும் ஏறி இறங்கிச் சுற்றும். அதன் வண்ணப் படப் புத்தகத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு பார்ப்பவர்களிடமெல்லாம் விரித்துக் காட்டினார்.

நான் ஒரு சந்தேகப் பிராணி. பால்காரரிலிருந்து பரீட்சைத் தாள் வரை எதையும் இரண்டு தடவை பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஒரு ஜவுளிக்கடைக்காரருக்குப் பிள்ளைகள் விளையாட்டில் ஏன் இத்தனை அக்கறை என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

அந்த அறிவிப்பு ஒட்டி ஒரு மாதத்துக்குள் ராட்டினம் மூன்று தடவை நின்றது. மூன்று தடவையும் பட்டை அறுந்துதான் நின்றது. ஒவ்வொரு தடவையும் புதுப் பட்டை வர நாலைந்து நாள் ஆயிற்று. பிள்ளைகள் ஏமாந்து திரும்பின. செயலாளர் வாசலில் நின்றுகொண்டு, பழசு பழசுதான், இதைக் கட்டிக்கிட்டு அழ முடியுமா என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது தடவை நான் குனிந்து அறுந்த பட்டையின் நுனியைப் பார்த்தேன். தேய்ந்து அறுந்தால் நூல் நூலாகப் பிரிந்திருக்க வேண்டும். இது முக்கால்வாசி அகலத்துக்கு நேர்கோடாக இருந்தது. மிச்சக் கால்வாசிதான் பிய்ந்திருந்தது. யாரோ கத்தி போட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். உனக்கு எதில்தான் சந்தேகம் இல்லை என்று கேட்டுவிட்டு அவர் பேப்பரைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை. அன்றே ஒரு மனு எழுதினேன். மூன்று தலைமுறைப் பிள்ளைகள் சுற்றிய ராட்டினத்தை அகற்றக் கூடாது, பழுது பார்த்துக் காக்க வேண்டும், பட்டைகள் அறுந்த விதம் பற்றி விசாரிக்க வேண்டும். இந்த மூன்றுதான் சாரம். இரண்டு வாரம் வீடு வீடாக ஏறினேன். பூங்காவுக்கு எதிர் வீட்டில் இருந்த ஓய்வு பெற்ற இன்ஜினீயர்தான் முதல் கையெழுத்து. அது பர்மாத் தேக்கு, இன்னும் ஐம்பது வருஷம் நிற்கும் என்று நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னார். அதை நான் போகிற வீட்டிலெல்லாம் சொன்னேன். அவர் அந்தக் கம்பத்தைக் கடைசியாக எப்போது கிட்டத்தில் போய்ப் பார்த்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கு வேண்டியதைச் சொன்னவரிடம் நான் சந்தேகப்படவில்லை.

ராட்டினம் ஓட்டுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். முன்பு சிந்தாதிரிப்பேட்டையில் கூவம் கரையில் இருந்தவர். அந்தக் குடிசைகளையெல்லாம் எடுத்து ஊருக்கு வெளியே குடி வைத்த பிறகு, இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தார். மனுவோடு நான் அலைந்த நாட்களில் ஒரு சாயங்காலம், பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து கையெழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவர் அருகில் வந்து நின்றார். ஒரு விஷயம் சொல்லணும் என்று தொடங்கினார். நான் சட்டென்று மனுவைப் புத்தகத்துக்குள் மூடிவிட்டேன். யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவரச் செயலாளர் அனுப்பியிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு பேசலாம் என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அவர் அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை.

கூட்டத்துக்கு முந்தின வாரம், பள்ளிக்கூடம் அரை நாள் லீவு விட்ட ஒரு மத்தியானம், மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் பூங்காவுக்குப் போனேன். நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பின்பக்க வேலியில் ஒரு இடைவெளி உண்டு. அதில் நுழைந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். ஒரு பள்ளி ஆசிரியை இப்படி ஒளிந்து நிற்பதை யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம். செயலாளரின் ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறேன் என்ற வேகம் ஒரு பக்கம்.

மூன்றரை மணிக்கு ராட்டினக்காரர் வந்தார். மோட்டார்ப் பெட்டியைத் திறந்தார். நாலு பக்கமும் பார்த்தார். இடுப்பிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து, புத்தம் புதுப் பட்டையின் குறுக்கே நிதானமாக அறுக்க ஆரம்பித்தார்.

நான் வெளியே வந்தேன். யார் சொல்லி இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கத்தியை மடித்துச் செருகிக்கொண்டார்.

"யாரு சொல்லணும்? இத்தினி வருசம் ஓட்டுறேன், எனுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, "இப்டி வா டீச்சரம்மா" என்று கம்பத்தருகே கூப்பிட்டார்.

கம்பத்தின் அடிப்பாகத்தில் இடுப்பு உயரத்துக்குத் தகரம் சுற்றி, அதில் பூக்கள் வரைந்திருந்தார்கள். என் சின்ன வயதில் அந்தத் தகரம் கிடையாது. அவர் ஒரு ஓரத்தில் ஆணியைப் பெயர்த்துத் தகரத்தை விரித்தார். பையிலிருந்து ஒரு நீளக் கம்பியை எடுத்து என் கையில் கொடுத்துக் குத்தச் சொன்னார். நான் குத்தினேன். அது ஒரு சாண், இரண்டு சாண் என்று சத்தமே இல்லாமல் உள்ளே போயிற்று. இழுத்தபோது கூடவே பழுப்பு நிறத்தில் பொடி கொட்டியது. கரையான் உள்ளுக்குள் தின்று தீர்த்திருந்தது. மேலே இரும்பும் குதிரைகளும், அவற்றின் மேல் எங்கள் பிள்ளைகளும். இந்தக் கம்பத்தை நம்பித்தான் என் மகளைச் சனிக்கிழமை தோறும் ஏற்றியிருக்கிறேன். பக்கத்துக் குதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

செயலாளருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"பொங்கலுக்கு முன்னியே சொல்ட்டேன், அப்ப இவ்ளோ உளுத்துப் போவல. தகரத்துக்கு பெயிண்டு அடின்னாரு. வெளிய தெரிஞ்சா பார்க்கையே மூடிடுவாங்களாம். மீட்டிங்கு முடியங்காட்டியும் வாயத் தொறக்காதன்னாரு. நான் ஓட்ட மாட்டேன்னா வேற ஆள வெச்சி ஓட்டுவாங்க. பட்ட இல்லன்னா எவனும் ஓட்ட முடியாதில்ல? அத்த வாங்கவும் என்னத்தான் அனுப்புவாங்க. நாலு நாள் இழுத்துக்கினு இருப்பேன்." தகரத்தைத் திரும்பப் பொருத்திக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு இத்தச் சொல்லத்தான் உன்னாண்ட வந்தேன். நீ பேப்பர மூடிக்கினே."

நான் தகரத்தை அழுத்திப் பிடிக்க, அவர் ஆணியைத் திரும்ப அடித்தார். பாதியில் விட்ட பட்டையை அறுத்து முடித்தார்; கூட்டம் வரை ராட்டினம் ஓடவில்லை.

ஆனால் வீடு திரும்பும் வழியிலேயே என் புத்தி வேலையைக் காட்டியது. இவரும் செயலாளரும் சேர்ந்துகொண்டு என்னை மடக்கப் பார்க்கிறார்களோ? கம்பத்தை வேண்டுமென்றே துளைத்து வைத்திருப்பார்களோ? கையில் ஒட்டியிருந்த பொடியை வாசல் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன். கரையான் தின்றதை மனிதன் செய்ய முடியாது. ராத்திரிச் சமையல் வேலையோடு வேலையாகக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அவர் பேப்பரைக் கீழே வைத்தார். மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதற்கு மேல் எதுவும் பேச வேண்டாம் என்றும் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்காவிலேயே பந்தல் போட்டுக் கூட்டம். மனுவைப் படிக்க என்னை அழைத்தார்கள். நான் எழுந்து, மனுவை நானே திரும்பப் பெறுகிறேன், கம்பம் உளுத்துவிட்டது, இன்றிலிருந்தே யாரும் ஏறக் கூடாது என்றேன். பந்தலில் சலசலப்பு. என்னிடம் காபி கொடுத்து உபசரித்துக் கையெழுத்துப் போட்ட ஒரு அம்மாள், பின்வரிசையில், ஜவுளிக்கடையிலிருந்து பட்டுப்புடவை வந்து சேர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குக் கேட்கிற அளவில்தான் இருந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களை நான் பார்த்த அந்தப் பார்வையை அன்றைக்கு அத்தனை பேரும் என் மேல் வைத்தார்கள்.

இன்ஜினீயர் எழுந்தார். "போன வாரம் வரைக்கும் தேக்கு உறுதின்னு சொன்னீங்க. இப்ப உளுத்துப் போச்சுங்கறீங்க. உங்களுக்கு யார் சொன்னா?"

அவர்களை நம்பவைக்க வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். தொட்டிக்குப் பின்னால் நின்றது, கத்தி, பட்டை, கம்பி. பிள்ளைகள் விழக் கூடாது என்று ஒரு மனிதர் திருட்டுத்தனமாகப் பட்டையை அறுக்க வேண்டி வந்தது என்றால் அது யார் குற்றம் என்று செயலாளரைப் பார்த்துக் கேட்டேன். ராட்டினக்காரர் வெளியே குதிரைகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேசப் பேச அவர் தலை குனிந்தது. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

எல்லாரும் எழுந்து வந்து கம்பத்தைப் பார்த்தார்கள். இன்ஜினீயரே கம்பியை வாங்கிக் குத்தினார், கையைத் துடைத்துக்கொண்டார். கம்பத்தை மட்டும் மாற்றி அதே குதிரைகளைத் திரும்பத் தொங்கவிடலாமே என்று நான் சொன்னேன். இன்றைக்கும் அது முடிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பயந்துபோன பெற்றோர்களுக்கு இனி அந்தக் குதிரைகளே ஆகாது என்று ஆகிவிட்டது. ராக்கெட் ராட்டினம் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

செயலாளர் கடைசியாகப் பேசினார். கூட்டத்தில் தானே சொல்லத்தான் இருந்தேன் என்றார். பிறகு மெதுவாக, "டீச்சர் சொன்னதில ஒரு விஷயத்த விட்டுரக் கூடாது. சங்கத்துச் சொத்த நாலு வாட்டி கத்தி போட்டு அறுத்திருக்காரு. நல்லதுக்குன்னே வச்சிக்கிடுவோம். நாளைக்குப் புது மிஷினை அவர்ட்ட நம்பி விட முடியுமா?" என்றார்.

நான் மறுத்துப் பேசினேன். ஒருவரும் என்னோடு சேரவில்லை. என் மனுவில் விசாரணை கேட்டதே நான்தான் என்று ஒருவர் நினைவுபடுத்தினார். அன்றோடு ராட்டினக்காரரின் வேலை போயிற்று.

குதிரைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி ஒரு லாரியில் ஏற்றிப் போனார்கள். யாரோ மில்காரர் பங்களாவுக்குப் போயிற்று என்று செயலாளர் சொன்னார். விறகுக் கடைக்குப் போயிற்று என்று வாசலில் வேர்க்கடலை விற்கிறவர் சொன்னார். எது நிஜமென்று எனக்குத் தெரியாது. ராக்கெட் ராட்டினம் தீபாவளிக்கு முன் வந்தது. என் மகள் முதல் நாளே நாலு தடவை ஏறினாள். குதிரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலி இடம் கொஞ்சம் மிஞ்சியதில் அடுத்த வருஷமே ஒரு கொட்டகை எழுந்தது. செயலாளர் கடையின் துணி மூட்டைகள் அங்கே இறங்கின. தற்காலிகமாக என்றார்கள்.

பொங்கல் கழிந்து, கடலைக்காரரிடம் விலாசம் கேட்டுக்கொண்டு ராட்டினக்காரர் வீட்டைத் தேடிப் போனேன். ஊரைத் தாண்டி, வெயிலில் ஒரே மாதிரி வரிசை வரிசையாக வீடுகள். அவர் ஒரு மரக்கடையில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்று ஞாயிறு, வீட்டில் இருந்தார். என்னை உட்கார வைத்து, சோடா வாங்கி வரச் செய்தார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ சொல்லாங்காட்டி அவுங்க எங்க எழுந்து வந்து பாக்கப் போறாங்க? வுடும்மா," என்றார். புது ராட்டினம் எப்படி ஓடுகிறது, பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறதா என்று விசாரித்தார். என் மகளைப் பற்றிக் கேட்டார். சிரித்துத்தான் பேசினார். என் மனது லேசாயிற்று.

பஸ் நிற்கும் இடம் வரை அவர் மனைவி கூட வந்தாள். பஸ் தூரத்தில் வருவதைப் பார்த்ததும் சொன்னாள்.

"அது அப்டித்தான் நல்லாப் பேசும். வேல போனப்போ ஒரு மாசம் வூட்ட வுட்டு வெளிய வர்ல. இப்பத்தான் எழுந்து நடமாடிக்கினு கீது. நீ போனப்புறம் மறுபடி மூலைல குந்திக்கும். இனிமே வராதமா."

சரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை.