நாலடித் தண்ணீரில் ஒரு பிறந்தநாள்

குளோரின் வாசனை அடித்தால் எனக்கு இப்போதும் பச்சை ஐசிங் போட்ட கேக்தான் ஞாபகம் வரும். இரண்டும் ஒன்றாக மூக்கில் ஏறிய ஒரு பின்னேரம் அது...

இரண்டு வருஷம் இருக்கும். அம்பாறை ரோட்டில், வயலுக்கு நடுவே, புதிதாக ஒரு பார்ட்டி இடம் திறந்திருந்தார்கள். எல்லாமே ஸ்போர்ட்ஸ். கேட் மூன்று ஸ்டம்ப் மாதிரி. பூலுக்கு நடுவே வொலிபோல் நெட். சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் முதுகில் நம்பர் போட்ட ஜேர்சியில். ஓரத்தில் ஒரு பெரிய ஸ்கோர் போர்ட். அதில் பிறந்தநாள்காரரின் பெயரை எழுதுவார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு எருமை நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான், அஸ்லம், ரிஸ்லான். மூன்று பேரும் சாய்ந்தமருது. நான் அப்போதுதான் டெக்னிக்கல் கொலேஜை விட்டிருந்தேன். ஏன் விட்டாய் என்று கேட்டு உயிரை எடுக்காத ஆட்கள் அந்த இரண்டு பேர் மட்டும்தான்.

உண்மையில் யாருக்கும் பிறந்தநாள் இல்லை. ரிஸ்லானுக்கு கட்டாரில் ஒரு ஹோட்டலில் லைஃப்கார்ட் வேலை சரிவந்திருந்தது. ஏஜென்ட் போனில் கேட்டாராம்.

"ஊர் எங்க தம்பி?"

"சாய்ந்தமருது சேர்."

"கடல் ஓரம்தானே? அப்ப நீந்துவாய்."

"ஓம் சேர்."

அந்த ஓமில் மாட்டிக்கொண்டான். அடுத்த கிழமை கொழும்பில் நீச்சல் டெஸ்ட். இவனுக்கு நீச்சலே தெரியாது.

கடலில் பழகலாம்தானே என்று கேட்பீர்கள். ரிஸ்லானின் காக்கா, அந்த வீட்டு மூத்த மகன், சுனாமியில் போனவர். அதற்குப் பிறகு பிறந்தவன் இவன். இவனுடைய உம்மா இவனைக் கடற்கரை மணலில்கூட நிற்க விட்டதில்லை. இவன் கால் நனைத்தால், இவன் வீடு போவதற்கு முன்னால் செய்தி வீடு போய்விடும். அதனால்தான் வயலுக்கு நடுவே இருக்கிற பூல்.

பார்ட்டி என்றால் மட்டும்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். சரி, இவனுக்குப் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டோம். போர்டில் பெயர் ஏறியது. ரெஃபரி சட்டை போட்ட ஒருவர் விசில் ஊதினார். கிரிக்கெட் பிட்ச் மாதிரி கேக் வந்தது. ரிஸ்லான் அழுகிற முகத்தோடு அதை வெட்டினான்.

பிறகு தண்ணீரில் இறங்கினோம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம்... மூன்று பேரும்.

"சரி அஸ்லம், காட்டிக் குடு," என்றேன்.

"என்னத்த?"

"நீச்சலத்தான்."

"எனக்குத் தெரியாடா. உனக்குத் தெரியுமெண்டுதானே நான் வந்த."

"எனக்கா? எங்கும்மா என்னக் கிணத்தடிக்கே தனிய விட்டதில்லடா."

ரிஸ்லான் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "அல்லாஹ்வே... மடையனுகளா, அப்ப யார்ரா எனக்குச் சொல்லித் தாற?"

சின்ன வயதிலிருந்து ஒன்றாகத் திரிகிறோம். ஒருவனையொருவன் தண்ணீரில் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் மூன்று உம்மாமாருக்கும் ஒரே பயம். ஆனால் நாங்கள் ஒவ்வொருவரும், மற்றவன் எப்படியாவது தப்பி நீந்தப் பழகியிருப்பான் என்று நினைத்திருக்கிறோம்.

ரெஃபரியிடம் கேட்டோம்.

"எனக்கும் தெரியா தம்பி. நாலடிதானே ஆழம். இங்க யாரும் நீந்த வாறல்ல, படம் எடுக்கத்தான் வாற."

கடைசியில் யூடியூப். அஸ்லம் கரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக் கத்தினான். நான் ரிஸ்லானின் வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்துத் தாங்கினேன். பலகை மாதிரி விறைத்துப்போய்க் கிடந்தான்.

"உடம்ப லேசா விடட்டாம் மச்சான்!"

"லேசா விட்டா கீழ போறன்டா!"

வெயில் சாய்கிற மட்டும் அதே கூத்து. அவன் குடித்த தண்ணீருக்குப் பூல் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த நேரம் அவன் போன் அடித்தது. உம்மா. ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க மகன் இரிக்காய்?"

"பேத்டே பார்ட்டி உம்மா."

"கடப்பக்கம் இல்லியே?"

"இல்ல உம்மா. வயல் பக்கம்."

"ஆ... அப்ப அவசரப்படாம ஆறுதலா வா."

அதற்குப் பிறகு அவன் தண்ணீரில் இறங்கவே இல்லை. நனைந்த சாரனோடு படியில் இருந்தான். நான்தான் விடாமல் நச்சரித்தேன். டெஸ்டில் எப்படியாவது சமாளிக்கலாம், அங்கே போன பிறகு பழகலாம், ஹோட்டல் பூல்தானே என்று.

"பொய் சொல்லிப்போய் நிண்டுட்டு, அங்க ஒரு புள்ள தண்ணிக்குள்ள தாண்டு போனா நான் என்னடா செய்யிற? விசிலா ஊதுற?" என்றான்.

அந்த இடத்திலேயே ஏஜென்டுக்கு அடித்து, "எனக்கு நீந்தத் தெரியா சேர்," என்றான். அந்தப் பக்கத்து ஏச்சு எங்களுக்கே கேட்டது. மிச்சக் கேக்கை யாரும் தொடவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே ஹோட்டலில் கிளீனிங் வேலை கிடைத்துப் போனான். அஸ்லமும் இப்போது சவூதியில். நான் போன் கடை, ஹாட்வெயார் கடை என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இப்போது பைக்கில் டெலிவரி. அலுப்பாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு ஒரு ஆளைத் தூக்கிப் பிடிக்கவாவது என் கைக்கு வேலை இருந்தது...

போன மாதம் ரிஸ்லான் ஒரு வீடியோ அனுப்பினான். ஹோட்டல் பூலில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்துகிறான். பழக்கியவன் ஒரு நேபாளியாம். கடலே இல்லாத நாட்டுக்காரன்! கீழே ஒரு வரி: "உம்மாக்குக் காட்டிராத."

நான் காட்டவில்லை. ஆனால் அவன் படங்களை அவனுடைய உம்மா, எனக்கு மாமி, பார்ப்பது எப்போதும் என் போனில்தான். முந்தாநாள் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவரின் விரல் அந்த வீடியோவில் பட்டுவிட்டது. நான் போனை வாங்கக் கையை நீட்டினேன். அவர் விடவில்லை. முடியும் வரை பார்த்தார். திரும்பவும் போடச் சொன்னார்.

"அந்தத் தண்ணி உப்பா மகன்?"

"இல்ல மாமி. நல்ல தண்ணிதான்."

"அப்பச் சரி," என்றார்.

போனை மட்டும் வெகு நேரமாகத் திருப்பித் தரவில்லை.