மைக்கில் சொன்ன சிவப்புச் சட்டை

கைநிறையச் சம்பளம் வந்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அம்மா தகவல் அறிவியலில் ஆராய்ச்சி செய்யப் போனபோது, "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்" என்றார் அப்பா. எதையாவது தேடுகிறவர்கள் அதை எப்படிச் சொல்லிக் கேட்கிறார்கள் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்கு ஒரு நூலகத்தில் போய் உட்கார்ந்தால் ஆகாதா? வங்காளத்தில் நாங்கள் குடியிருந்த டாக்குரியாவில், எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளிப் போட்டிருந்த துர்கா பூஜைப் பந்தலில், காணாமல் போனவர்களை மைக்கில் அறிவிக்கும் கூடாரத்தைப் பிடித்தாள். அஷ்டமி சாயங்காலம், கூட்டம் நெரிகிற நேரம். பக்கத்து நாற்காலியில் எட்டு வயது நான்.

பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஓடிவந்தவர்கள் மூச்சுவாங்கச் சொல்வதையெல்லாம் அம்மா பதிவு செய்துகொண்டிருந்தாள். அழுத முகங்களையே எத்தனை நேரம் பார்ப்பது? வெளியே மேளம் முழங்கியது. எட்டிப் பார்க்கத்தான் இறங்கினேன். கூட்டம் என்னை அள்ளிக்கொண்டு போய் மூங்கில் தடுப்பு ஓரம் தள்ளிவிட்டது. திரும்பினால் கூடாரத்தைக் காணோம். எங்கு பார்த்தாலும் இடுப்புகளும் கைப்பைகளும்தான்.

அப்போது மைக்கில் என் பெயர்! எட்டு வயதுப் பெண், சிவப்புச் சட்டை என்று வங்காளத்தில் அறிவித்தார்கள். தடுப்பருகே நின்ற தொண்டர் குனிந்து என்னைப் பார்த்தார். இவள் இல்லை என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தார். நான் போட்டிருந்தது நீலச் சட்டை. அதில் மீன் மீனாக வரைந்ததே அம்மாதான். துணியில் ஓவியம் தீட்டுவதில் அவளுக்கு அப்படியொரு பைத்தியம். அடிப்பாவி, நீ வரைந்த சட்டையே உனக்குத் தெரியாதா? மறுபடியும் அறிவிப்பு, மறுபடியும் சிவப்பு. சிவப்புச் சட்டை போட்ட எவளாவது கிடைத்தால் அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள் என்றே தோன்றியது. ஓவென்று அழுதேன்.

பிறகு மைக்கில் அம்மாவின் குரலே வந்தது, தமிழில்.

"கண்ணு, நீ என்ன போட்டிருக்கேன்னு அம்மாவுக்கு ஞாபகமே வரலடி. எதையோ உளறிட்டேன். பேட்ஜ் குத்தின அங்கிள் யாராவது பக்கத்துல இருந்தா, அந்தப் பொண்ணு நான்தான்னு நீயே சொல்லிடுடி."

அத்தனை ஜனத்தில் அது எனக்கு ஒருத்திக்குத்தான் புரிந்திருக்கும். ஓடிப்போய்த் தொண்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அங்கிள், அது நான்தான், எங்கம்மா தப்பாகச் சொல்கிறாள் என்று வங்காளத்தில் விம்மினேன். அவர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து நடந்தார்.

கூடாரத்தில் அம்மா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எனக்கா ஆத்திரம் அடங்கவில்லை. ரிக்‌ஷாவில் ஏறியதும் பரீட்சை வைத்தேன்.

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு. என் சட்டை என்ன கலர்?"

"மூட மாட்டேன்டி" என்றாள்.

கெஞ்சினேன், மிரட்டினேன். மூடவேயில்லை. வீடு வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். அத்தனை வருஷம் டீச்சராக இருந்தவள் இப்படிப் பார்த்து எழுதுகிறாளே என்று எனக்கு ஒரே அவமானமாக இருந்தது.