தவமலர் பூசவிடாத கல்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் பழைய நகரத்தில் தவமலர் குடியிருக்கும் மாடிக் கட்டிடத்தைக் கட்டியவர் ஒரு யூதர். ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்து, கையுறை வியாபாரத்தில் உயர்ந்தவர். வாசலுக்கு மேலே ஒரு கல்லில் அவருடைய பெயர் எபிரேய எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. இப்போது அங்கே இருப்பவர்களில் தவமலருடையது மட்டுமே தமிழ்க் குடும்பம். அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை.

போன இலையுதிர் காலத்தில் யாரோ அந்தக் கல்லின் மேல் கறுப்புப் பெயிண்டால் யூதர்களைத் திட்டி எழுதிவிட்டுப் போனார்கள். பொலிஸ் வந்து படம் எடுத்ததோடு சரி. சில நாளில் குடியிருப்போர் சங்கத் தலைவர் ஸ்ரிபன் ஒரு மேசனைக் கூட்டி வந்தார். கல்லைச் சாந்து பூசி மூடிவிடப் போகிறார்களாம்.

வேலைக்குக் கிளம்பிய தவமலர் ஏணியை மறித்து நின்றாள்.

"எழுதினவனை விட்டுவிட்டுப் பெயரை ஏன் மூடுகிறாய்?" என்று டேனிஷில் கேட்டாள்.

"வம்பு வேண்டாம். நீயும் வெளியிலிருந்து வந்தவள். நாளைக்கு உன் கதவிலும் எழுதுவார்கள். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்" என்றார் ஸ்ரிபன்.

அவளுக்கு உடம்பு கொதித்தது. இலங்கையில், ஊரில், போரில் இறந்த அவளுடைய தம்பியின் கல்லறையை இராணுவம் புல்டோசர் விட்டு இடித்திருந்தது. பெயர் வெட்டிய கல்லின் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. அந்தச் செய்தி தொலைபேசியில் வந்தபோது, நேரே நின்று கத்த அவளுக்கு முன்னால் யாரும் இருக்கவில்லை. இன்று ஸ்ரிபன் இருந்தார்.

"என் கதவில் எழுதினால் என் பெயரையும் பூசி மூடுவாயா? சொல்லு!"

சத்தம் கேட்டு இறங்கி வந்த மகள் கிருசாந்தி, "விடுங்கள் அம்மா, எல்லோரும் பார்க்கிறார்கள்" என்றாள், டேனிஷில்.

"பாக்கட்டும். நான் இண்டைக்கு வேலைக்குப் போகேல்லை. நீ மேல போ பிள்ளை."

மேசன் ஸ்ரிபனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏணியை மடக்கி வண்டியில் ஏற்றினார்.

தவமலர் அன்றே நகரசபைக்குப் போன் செய்தாள். அதிகாரி ஒருவர் வந்து, பழைமைச் சின்னத்தில் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பெயிண்டைச் சுரண்டி எடுத்தார்கள். எழுதியவன் அகப்படவேயில்லை. ஸ்ரிபன் அவளுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினார். அவளும் எதிர்பார்க்கவில்லை.

இந்தக் கோடையில் ஒரு வழிகாட்டி உல்லாசப் பயணிகளைக் கூட்டி வந்து கல்லைக் காட்டினார். "இங்கே வசிக்கும் எல்லோரும் ஒற்றுமையாக நின்று காப்பாற்றிய கல் இது."

மேலே ஜன்னல் படாரென்று திறந்தது.

"பொய்!" என்று தவமலர் டேனிஷில் கத்தினாள். "மூடப் பார்த்தவர் கீழ்வீட்டில்தான் இருக்கிறார். கதவைத் தட்டிக் கேளுங்கள்!"