மிதவைக்குள் பெட்ரோல்

ஆஸ்பத்திரிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை நியம்சூரன் மூன்று முறை படித்தார். சாயங்காலம் முழு டாங்க் காட்டும் ஆஸ்பத்திரி வேனின் பெட்ரோல் முள் காலையில் காலி காட்டுகிறது. ஓட்டுநர் பெட்ரோல் திருடுகிறார். இன்றே சாவியை ஒப்படைக்க வேண்டும். கீழே புது டாக்டர் சோல்பயாரின் கையெழுத்து.

பத்தொன்பது வருடமாக அந்த ரஷ்ய வேன்தான் அவர் பிழைப்பு. கோபிப் பாலைவனத்தில் எந்தக் கூடாரத்தில் பிரசவ வலி கண்டாலும் அவர்தான் போவார். நான்கு குழந்தைகள் வண்டிக்குள்ளேயே பிறந்தன. இன்றைக்கு மருந்து வாங்க வந்த சனமெல்லாம் காகிதத்தைப் படித்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தது. டாக்டர் வாசலுக்கு வந்ததும் நியம்சூரன் மறித்தார்.

"காலையிலயே டாங்குக்குள்ள குச்சி விட்டுக் காட்டினேனே டாக்டர்! நிறைய இருந்துச்சே!"

"ராத்திரி எடுத்ததை, நான் கேட்டதும் திரும்ப ஊத்தியிருப்பீங்க அண்ணே. முள்ளுக்கு உங்க மேல என்ன பகை?"

நியம்சூரனுக்குக் காது மடல் சுட்டது. "சாவி தரேன். அதுக்கு முன்னால இவங்க எல்லார் முன்னாலயும் பாத்துடுவோம். சிகரெட்டை அணைச்சுட்டுத் தள்ளி நில்லுங்கப்பா!"

நர்ஸ் ஓட்கோன்சிமெக்கை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். வேனின் தரைமூடியைத் திறந்தார். டாங்கின் தலையில் முள்ளுக்குச் செய்தி அனுப்பும் யூனிட் இருந்தது. அதன் வயரைக் கழற்றினார்.

"அண்ணா, காலியில இருந்த முள் முழு டாங்க் காட்டுது!"

"கேட்டீங்களா டாக்டர்? இப்ப நான் எப்ப ஊத்தினேன்?"

யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. நியம்சூரன் வயரைக் கதவருகே இழுத்துவந்து, டாங்குக்கு எட்டத்தில் வண்டியின் இரும்பில் தொட்டார்.

"காலிக்கு விழுந்துடுச்சு!"

"முள் நல்லாருக்கு, வயரும் நல்லாருக்கு. உள்ள இருக்கறதுதான் பொய் சொல்லுது." சாவியை அணைக்கச் சொல்லி, பாட்டரி வயரையும் எடுத்த பிறகே யூனிட்டின் திருகுகளில் கை வைத்தார். அவசரம் அவருக்குப் பழக்கமில்லை, கோபத்திலும்.

யூனிட்டோடு வெளியே வந்த, பெட்ரோலில் மிதந்து அளவு காட்டும் பித்தளை மிதவையைத் துடைத்து டாக்டரின் காதருகே குலுக்கினார். உள்ளே தளதளவென்று சத்தம். அடியில் ஊசி குத்தினாற்போல் ஒரு துளை.

"ராத்திரியெல்லாம் குடிச்சுக் குடிச்சு முங்கிப் போவுது. டாங்க் தீர்ந்தா ஒழுகிக் காலியாவுது, நிரப்பினா மறுபடி மிதக்குது. இவர்தான் உங்க திருடர்."

டாக்டர் மிதவையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இவ்வளவு தெரிஞ்சவர் முன்னாடியே சரி பண்ணியிருக்கலாமே?"

அது நியம்சூரனுக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் நம்பியது குச்சியை மட்டும்தான். முள்ளை அவர் பார்த்ததே கிடையாது.

"அது என் தப்பு. சோம்பேறின்னு எழுதுங்க, ஒத்துக்கறேன். திருடன்னு எப்படி எழுதுவீங்க?"

டாக்டர் கதவிலிருந்து காகிதத்தைக் கிழிக்கப் போனார். நியம்சூரன் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"கிழிக்காதீங்க. படிச்சவங்க எல்லாம் உண்மையை எங்க போய்த் தேடுவாங்க? கீழயே எழுதுங்க."

மிதவையில் ஓட்டை என்று டாக்டர் எழுதினார். நியம்சூரன் குனிந்து படித்தார்.

"இன்னும் ஒரு வரி பாக்கி."

சனம் காத்து நின்றது. ஓட்டுநர் திருடவில்லை என்று எழுதி, டாக்டர் மறுபடி கையெழுத்துப் போட்டார். அதன் பிறகே நியம்சூரன் நர்ஸிடம் சாவிக்குக் கை நீட்டினார்.