கொக்கோ பெட்டி: ஒரு திருத்தம்

சனிக்கிழமை காலை 7.12. கண் விழித்ததும் கைப்பேசியில் முதலில் தெரிந்தது என் முகம். இந்தப் பத்தியின் மேலே அச்சாகுமே, அந்தச் சின்னப் படம். அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். நெற்றிக்கு நேராக ஒரு கேள்விக்குறி.

அனுப்பியவள் ரவாங்கில் இருக்கும் என் தங்கை மாலதி. கீழே ஒரு வரி: "அண்ணே, கொக்கோ பெட்டிக்குள்ள இருந்தது நீயா?"

போன வாரம் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக...

எனக்கு ஒன்பது வயது. கோல சிலாங்கூர் பக்கம் அப்பாவும் அம்மாவும் வேலை செய்த தோட்டத்தில் அப்போது தென்னைக்கு நடுவே கொக்கோ போட்டிருந்தார்கள். பழத்தை உடைத்தால் கொட்டையைச் சுற்றி வெள்ளைச் சதை. இனிப்பும் புளிப்புமாக இருக்கும். அந்தக் கொட்டையிலிருந்துதான் சாக்லெட் வருகிறது என்பது எங்களுக்குத் தெரியாது. யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம்.

பழம் தின்பது குற்றம். ஒரு நாள் தின்றுகொண்டிருக்கும்போது வேலையைக் கண்காணிக்கும் மண்டோர் வந்துவிட்டார். நான் ஸ்டோருக்குள் ஓடி, கொட்டைகளைப் புளிக்கவைக்கும் மரப்பெட்டிக்குள் இறங்கி, கோணிச் சாக்கை இழுத்து மூடிக்கொண்டேன். இரண்டடி தள்ளி மண்டோர் நின்று சிகரெட் பிடித்தார். முழங்கால்வரை இழுத்துவிட்ட பச்சைக் காலுறை. கொட்டை புளிக்கப் புளிக்கப் பெட்டிக்குள் அடுப்படிச் சூடு. அப்படியே தூங்கிவிட்டேன். தோட்டமே பாரிட் வாய்க்கால்களில் குச்சி விட்டுத் தேடியது. ஒரு வாரத்துக்கு என் மேல் புளித்த வாடை. வகுப்பில் ஆசிரியர் என்னை ஜன்னலோரம் மாற்றி உட்கார வைத்தார்.

இப்படித்தான் எழுதியிருந்தேன். நல்ல வரவேற்பு. உலு யாமிலிருந்து ஒரு வாசகி, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது என்று எழுதியிருந்தார்.

மாலதியை அழைத்தேன்.

"பெட்டிக்குள்ள இருந்தது நான்தானே" என்றேன்.

"நீயா? ஒரு வாரம் அம்மா சீயக்காய் போட்டு என் தலையத் தேய்ச்சாங்க. உனக்கு யாரு தேய்ச்சா?"

"எனக்கும் தேய்ச்சிருப்பாங்க."

"உனக்கு அப்போ மொட்டை லா."

"மொட்டை அடுத்த வருஷம்" என்றேன். பத்திரிகைக்காரன் முதலில் சந்தேகப்படுவது எதிர்த்தரப்பு சொல்லும் தேதியைத்தான்.

விஷயம் மொட்டை இல்லை. அவளுக்குப் பதின்மூன்று வயதில் ஒரு மகள், யஷினி. பெட்டிக்குள் தூங்கிய கதையை மாலதி அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வந்திருக்கிறாள். தன் கதையாக. போன வாரம் அதே கதை, என் படத்தோடு, பேப்பரில்.

"மாமா கதையச் சுட்டுட்டியாம்மான்னு கேக்குறா அண்ணே. இப்போ நான் எதைச் சொன்னாலும் 'இது யாரு கதை'ங்கிறா. ஓட்டப் பந்தயத்துல நான் ஜெயிச்சதையும் நம்ப மாட்டேங்குறா."

பின்னால் யஷினியின் குரல் கேட்டது. "பேப்பர்ல வந்திருக்குல்ல? செக் பண்ணாமயா போடுவாங்க?"

இந்தத் தொழிலின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்தவர்களை நான் அலுவலகத்தில்கூடப் பார்த்ததில்லை.

சரி, செக் பண்ணிவிடலாம் என்றேன். எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. அந்தச் சூடு, அந்த வாடை... எல்லாம் நினைவிருக்கிறதே?

மண்டோர் இப்போது புக்கிட் பெலிம்பிங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். ஞாயிறு காலை போனேன். வீடியோ காலில் மாலதியையும் யஷினியையும் பிடித்து, போனைப் பூச்சாடியில் சாய்த்து வைத்தேன். விசாரணை என்றால் முறையாக நடக்க வேண்டும்.

"பொட்டியில படுத்துக் கெடந்த புள்ளையா? மறப்பனா?" என்றார் மண்டோர். "ஒரு பொட்டி கொட்டையும் வீணாப்போச்சுன்னு தொரை என்னைக் கூப்பிட்டு ஏசினாரு."

"அது நான்தானே ஐயா?"

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "நீ எப்படி தம்பி அதுக்குள்ள போவ?"

"அப்போ நான் ஒல்லி ஐயா."

"அப்பவும் இல்ல."

போனில் யாரோ சிரித்தார்கள்.

"அது பொம்பளப் புள்ள. சாக்கைத் தூக்குறேன், நல்ல தூக்கம். முழிச்சுப் பார்த்து என்னா கேட்டுச்சு தெரியுமா? 'அண்ணன் வரச் சொன்னானா'ன்னு கேட்டுச்சு."

போனில் சிரிப்பு நின்றது.

"அப்போ மாமா எங்க இருந்தாங்க?" என்றாள் யஷினி.

"எங்க கூடத்தான். பாரிட்டுல குச்சி விட்டுத் தேடிக்கிட்டு இருந்தான். பெரிய குச்சி."

நான் பூச்சாடியைப் பார்த்தேன். பிளாஸ்டிக் ரோஜா. ஐந்து.

மாலதி மெதுவாகத்தான் பேசினாள். "நீதான் அண்ணே என்னைய உள்ள இறக்கிவிட்ட. 'மண்டோர் போனதும் வந்து கூப்பிடுறேன், அதுவரைக்கும் அசையாத'ன்னு சொல்லிட்டுச் சாக்கைப் போட்டு மூடின."

"மாமா, ஒன்னு கேக்கவா?" இது யஷினி. "பச்சைக் காலுறைன்னு எழுதியிருக்கீங்க. சாக்குக்கு உள்ளே இருந்தா அது எப்படித் தெரியும்?"

இருபத்திரண்டு வருடம் செய்தி மேசையில் இருந்தவன் நான். மற்றவர்கள் எழுதியதில் இப்படிப்பட்ட ஓட்டைகளைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

மண்டோர் தம் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "பச்சைதான்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். எப்படி நடந்தது இது? ஹாஸ்டலில் முதல் முறை சொன்னபோது "எங்கள் தோட்டத்தில் ஒரு பிள்ளை" என்றுதான் ஆரம்பித்ததாக நினைவு. சிரித்தார்கள். அடுத்த முறை அது "எங்கள் வீட்டில்" ஆனது. இன்னும் நன்றாகச் சிரித்தார்கள். அதற்கடுத்து "நான்". ஒவ்வொரு சிரிப்புக்கும் எனக்கு ஒரு பதவி உயர்வு. கதை சொல்கிறவனிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. அவனும் தன்னிடம் கேட்டுக்கொள்வதில்லை.

சரி, அவளைக் கூப்பிட நான் ஏன் போகவில்லை? மறந்துவிட்டேனா, பயந்துவிட்டேனா? குச்சியோடு தேடும்போது எனக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா? அந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

இரவு மாலதியிடம் கேட்டேன். "அம்மாகிட்ட ஏன் என் பேரைச் சொல்லல?"

"யாரு உன்னை உள்ள விட்டதுன்னு அம்மா கேட்டாங்க. நானாத்தான் போனேன்னேன்."

"ஏன்?"

"சொன்னா உனக்கு அடி விழும்லா."

மன்னிப்புக் கேட்டேன். மாலதி "போ அண்ணே" என்றாள். யஷினி அப்படி விடுவதாக இல்லை.

"சாரி சொன்னா பத்தாது மாமா. பேப்பர்ல வரணும். மூலையில பொடி எழுத்துல போடக் கூடாது. அதே இடம், அதே சைஸ். அம்மா பேரு இருக்கணும்."

ஆகவே, திருத்தம். போன வாரப் பத்தியில் பெட்டிக்குள் "நான்" என்று வரும் இடங்களில் எல்லாம் "என் தங்கை மாலதி" என்று வாசிக்கவும். அவளை உள்ளே இறக்கியதும் சாக்கைப் போட்டு மூடியதும் நான். காலுறையின் நிறம் சரி.

இதை எழுதும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இது மாலதியிடமும் மண்டோரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாதது, அதனால் இதை நம்பலாம். அன்று அம்மாவும் அப்பாவும் வேலைக்காட்டில் இருந்தார்கள். வீட்டில் அம்மா எங்கள் இருவருக்கும் இரண்டு தட்டில் சோறும் கெம்போங் மீன் குழம்பும் போட்டு மூடிவைத்திருந்தார்.

நான் இரண்டையும் சாப்பிட்டேன்.