நீலக் கனெக்டரைச் சீவியவள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ரேக் அறையில், விசிறி இரைச்சலுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தபோது நம் ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஜெஸ்பின் போய்விட்டாள். நெஞ்சு வலி. தேங்காய்ப்பட்டணத்து வீட்டுக்கு வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நடுவில் ஒருவர், "அருமையான பொண்ணு. அந்த ஐ.சி.யூ. தப்பு ஒண்ணுதான்" என்று எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரிந்ததை எழுதினார். தெரியாததை நான் எழுத வேண்டியிருக்கிறது.

உங்களில் பலர் அந்த அறைக்குள் வந்திருக்க மாட்டீர்கள். அங்கே ஆறு வருடம் நாங்கள் இருவரும்தான். நான் பூதப்பாண்டியிலிருந்து பஸ் பிடித்து வருவேன், அவள் கடற்கரையிலிருந்து. மதியம் அவளுடைய மீன்கறியை நான் தின்பேன், என் தீயலை அவள் தின்பாள். மீதி நேரமெல்லாம் சண்டைதான்.

சண்டை ஃபைபர் கேபிளின் நுனியில் இருக்கும் கனெக்டரைப் பற்றி. சாதாரணக் கனெக்டர் எந்தத் துளையிலும் போகும். நம் ஆஸ்பத்திரியில் ஜெஸ்பின் கேட்டு வாங்க வைத்தவை வேறு. வேலைக்கு ஒரு நிறமாக, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சின்ன மேடு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஐ.சி.யூ. மானிட்டர்களுக்கு நீலம், கேமராக்களுக்குச் சிவப்பு. நீலம் சிவப்பில் போகாது. எனக்கு அது பெரிய தொல்லை. கேபிளுக்குள் வரும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைச் செருகக்கூடத் தனி கேபிள் வேண்டும். ஸ்பேரும் நிறத்துக்கு ஒன்று வைத்திருக்க வேண்டும்.

"வேணும்னு கெடுக்க நெனைக்கவன் ஒரு பிளேடு வச்சு இத சீவிப்போட்டு உள்ள போயிருவான். பின்ன என்னத்துக்கு இது?" என்று கேட்பேன்.

"அவனுக்கு இல்ல ஏட்டி. தெரியாம செய்யுத நமக்குத்தான்" என்பாள். "எனக்க கண்ண நான் நம்ப மாட்டேன். கைக்குத் தெரியணும்."

ஒருநாள் மதியம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள், கழற்றி வைத்திருந்த நான்கு கேபிள்களை இருட்டில் விரலால் தடவியே அவள் செருகிவிட்டாள். விளக்கு வந்தபோது நான்கும் சரி. "பாத்தியா பகவதி?" என்று சிரித்தாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சண்டையில் தோற்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பிறகு அவள் விடுப்பில் இருந்த ஒரு நாள் கேமராவின் சிவப்புக் கேபிள் ஒடிந்தது. வாசல் கேமரா ஓடவில்லை என்று செக்யூரிட்டி மூன்று முறை போன் செய்தார். சிவப்பு ஸ்பேர் தீர்ந்திருந்தது, நீலம் இருந்தது. அதன் இரண்டு முனையிலும் மேட்டைப் பிளேடால் சீவி, சிவப்புத் துளைகளில் செருகினேன். கேமரா ஓடியது. ஜெஸ்பினிடம் சொன்னால் கத்துவாள், சிவப்பு வந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மறந்தே போனேன்.

மூன்று வாரம் கழித்து, துளைகள் வரிசையாக இருக்கும் பேனலை அவள் கேபிள்களைக் கழற்றித் துடைத்தாள். கழற்றியவற்றில் அந்த நீலக் கேபிளும் இருந்தது. நீலம் ஐ.சி.யூ.வுக்கு என்று அவள் நம்பிக்கையோடு நீலத் துளையில் செருகினாள். மறுமுனை கேமரா பக்கத்திலேயே மாட்டியிருந்தது அவளுக்குத் தெரியாது. கேமரா இணைப்பும் ஐ.சி.யூ. இணைப்பும் ஒன்றாகிவிட்டன. கேமராப் படங்கள் வந்து நெரிக்க, நர்சுகள் பார்க்கும் மானிட்டர் திரை உறைந்துவிட்டது. இருபது நிமிடம் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒருவர் நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கேபிளை உருவியவள் சீவிய முனையைக் கண்டுவிட்டாள். என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது ஆருக்க வேலை?"

நான் துடைக்கும் துணியை எடுத்து மடித்தேன். அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. அது அவளுக்குத் தெரியும். முனையை மட்டும் வெட்டி எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

விசாரணையில், மாற்றிச் செருகியது யார் என்று கேட்டார்கள். "நான்தான் சார்" என்றாள். பொய் இல்லை. செருகியது அவள் கைதான். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளை வேறு கிளையின் ஆவண அறைக்கு மாற்றினார்கள். "இத்தனை நிறம் வைத்தும் தப்பு நடந்ததே, இதனால் என்ன பயன்?" என்று கேட்டுவிட்டு, புதுக் கட்டடத்துக்குச் சாதாரணக் கனெக்டர்களே போதும் என்று முடிவு செய்தார்கள். சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை அந்த அறையில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு அவளே போன் செய்வாள். "சிவப்பு ஸ்பேர் இருக்கா ஏட்டி?" என்று மட்டும் கேட்பாள். இருக்கு என்பேன். அதோடு போனை வைத்துவிடுவேன். இந்த வருடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன்.

அடக்கம் முடிந்த பிறகு அவள் கணவர் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே அந்த நீல முனை. "தங்கச்சி, இது என்ன சாதனம்? தூரப் போடப்பிடாதுன்னு பறஞ்சிருந்தா."

"ஒண்ணும் இல்ல அண்ணே, ஒடஞ்சது" என்றேன். அவள் செத்துக் கிடந்த வீட்டில் நின்றுகொண்டு அதைச் சொன்னேன். அவர் அதை என்னிடமே தந்துவிட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். நாளை மேலாளரிடம் அதைக் காட்டி, நடந்ததைச் சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும். அந்தக் கனெக்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. சிவப்பில் போக மாட்டேன் என்றது. ஜெஸ்பினும் சரியாகத்தான் செய்தாள்.

அண்ணே, அவளுடைய போன் இப்போது உங்கள் கையில் இருக்கும், இந்தக் குழுவில் இதை வாசிப்பீர்கள். அது ஒடஞ்சது இல்ல. நான் சீவினது.