என் பங்கு ஆங்கிலம்

எங்கள் வீட்டில் ஆங்கிலம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பாதி அக்காவிடம், மறு பாதி என்னிடம். அதற்குக் காரணம் அப்பாவின் சில்லறைக் கடை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில், ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் எங்கள் கடை. அம்மா காலமான பிறகு அப்பாவுக்குத் துணை நாங்கள் இருவரும்தான். அக்காவுக்கு இருபது வயது, எனக்குப் பதினெட்டு. பக்கத்து மேட்டில் கொன்வென்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் தன் வீட்டு விறாந்தையில் ஆங்கில வகுப்பு நடத்தினார். நாங்கள் இரண்டு பேரும் போகிறோம் என்றதும் அப்பா தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு பேரும் போயிட்டா கடையில யாரு நிக்கிறது? மாறி மாறிப் போங்க."

டீச்சர் இதைக் கேட்டுச் சிரித்தார். "யாரு வந்தாலும் சரி, நாற்காலி சும்மா கெடக்கக் கூடாது" என்றார். செவ்வாய்க்கிழமை அக்கா போனாள், வெள்ளிக்கிழமை நான்.

வில்லங்கம் வந்தது டீச்சர் பாடத்தைப் பிரித்த ஒழுங்கினால். செவ்வாய்க்கிழமை ஒரு வினைச்சொல்லை எடுத்து அதன் பின்னால் ஒரே ஒரு பொருளை வைப்பார். ஒரு கதவைத் திற, ஒரு பாட்டுப் பாடு. வெள்ளிக்கிழமை அதே வினைச்சொல்லுக்குப் பின்னால் பொருள்கள் கூட்டமாக வரும். பழங்களை விற்கிறோம், மாதா கோவிலில் மெழுகுவர்த்திகளைக் கொளுத்துகிறோம், தோட்டத்திலிருந்து வந்த பழுத்த மாம்பழங்களைப் பிரித்து வைக்கிறோம். சேர்ப்பது, எண்ணுவது, கலப்பது மாதிரியான சொற்கள் எல்லாம் வெள்ளிக்குத்தான். "ஒண்ணை மட்டும் வச்சு எதைக் கலக்கிறது?" என்பார் டீச்சர்.

தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரு முட்டை என்றாலும் முட்டைதான், ஒரு கூடை என்றாலும் முட்டைதான். ஆங்கிலத்தில் அந்தக் கடைசி 'ஸ்' இல்லாவிட்டால் கூடை காலி. எனக்கு அந்த 'ஸ்' ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதைச் சொல்லும்போது கடையில் சாமான் நிறைந்திருப்பது மாதிரி ஒரு திருப்தி.

இரவு கடை சாத்தியதும் அவரவர் பாடத்தை மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். நான் கைகால் ஆட்டிக் கத்திக் கத்திச் சொல்லுவேன். அக்கா கோதுமைப் பசையைத் தொட்டுத் தொட்டுக் கடதாசிப் பை ஒட்டிக்கொண்டிருப்பாள். ம் என்றுகூடச் சொல்லமாட்டாள். சுவரோடு பேசியிருந்தாலும் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும்.

ஒருநாள் தோட்டத்துத் துரையின் மனைவி, துரைசாணி, காரை நிறுத்தி ஆங்கிலத்தில் முட்டை கேட்டார். அக்கா அடக்கமாக, "ஐ ஹேவ் அன் எக்" என்றாள். ஒரே ஒரு முட்டையை வைத்து என்ன செய்வது என்று துரைசாணி காருக்குத் திரும்பினார். நான் உள்ளேயிருந்து பாய்ந்து வந்து, "வி ஹேவ் எக்ஸ், மேடம்! மெனி எக்ஸ்!" என்று ரோட்டில் நின்று கத்தினேன். கூடையே காலியானது. அன்று முழுக்க அக்காவை நான் 'ஒத்தை முட்டை' என்றுதான் கூப்பிட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் மாத்தளை டவுனில் ஒரு டொக்டருக்கு, டிஸ்பென்சரியில் நிற்க, ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண் தேவை என்று செய்தி வந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும். சும்மா வேண்டும் இல்லை, உயிரே போகிற மாதிரி வேண்டும். வெங்காயம் கருவாடு வாசம் இல்லாத ஓர் இடத்தில், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தினமும் ஸ்டேஷனில் கோச்சி ஏறிப் போய் வர வேண்டும்.

அப்பா இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் கேட்டதற்கெல்லாம் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அக்காவைக் கேட்டதற்கும் நானே சொன்னேன். அப்பா ஒரு யோசனையும் வைத்தார்.

"ரெண்டு பேரும் மாறி மாறி வரட்டுங்களா, டொக்டர்?"

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "இது டிஸ்பென்சரிங்க. நேத்து யாருக்கு என்ன மருந்து குடுத்தோம்னு ஒருத்தருக்குத் தெரியணும். மூத்தவங்களே வரட்டும். சின்னவங்க நல்லாத்தான் பேசறாங்க, ஆனா கொஞ்சம் அவசரக்காரங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒத்தை முட்டைக்கு வேலை, எனக்குக் கடை! அன்றிலிருந்து அக்காவோடு பேச்சை நிறுத்தினேன். சோற்றுத் தட்டைக்கூடத் தரையில் வைத்துத் தள்ளித்தான் விட்டேன். அவள் சமாதானம் பேச வரவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அப்பா மட்டும் இடையில் மாட்டிக்கொண்டு, "அக்கா உப்புக் கேக்குது", "தங்கச்சி வெளக்கு கேக்குது" என்று தூது போய்க்கொண்டிருந்தார். வகுப்புக்கு இனி இரண்டு நாளும் நீயே போ, கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் ஒரு நாளும் போகவில்லை.

ஒரு மாதம் ஆகியிருக்கும். அக்கா கோச்சியால் இறங்கி வந்து, வீங்கிய கால்களைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சீனியைப் பைகளில் அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்க்காமலேயே பேச ஆரம்பித்தாள்.

"அங்க ஒண்ணுன்னு எதுவுமே கெடையாதுடி. மருந்துக் குளிசைகளை எண்ணு. போத்தல்களைக் கழுவு. கண்ணை ரெண்டையும் மூடுங்க, கையெல்லாம் நீட்டுங்க, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க. காலையில இருந்து பின்னேரம் வரைக்கும் வெள்ளிக்கிழமைப் பாடந்தான். என் செவ்வாக்கிழமையை அங்க யாருமே கேக்கல."

பேசக் கூடாது என்ற வைராக்கியம் எனக்கு மறந்துபோயிற்று.

"நீதான் நான் சொன்னதக் கேக்கவே இல்லையே! பைதானே ஒட்டிக்கிட்டு இருந்த?"

"ஒட்டினது கையி. காது சும்மாத்தானே இருந்துச்சு."

கால்களை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள்.

"நீ கத்துன மாதிரியேதான் நானும் அங்க சொல்றேன். வேலைக்குப் போறது நான்தான். ஆனா பேசறது நீதான்டி."

என் கையிலிருந்த சீனி சிந்தியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, தேத்தண்ணீருக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தார்.

என் பொறாமை அந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் மறுநாள் காலையில் அக்கா கொஞ்சம் அதிகமாகத் தூங்கிவிட்டாள். நான்தான் உலுக்கி எழுப்பினேன். சேலை மடிப்பைப் பிடித்துவிட்டு, சோற்றுப் பார்சலைக் கையில் திணித்து, ஸ்டேஷன் வரைக்கும் அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் வேலைக்கு அவள் பிந்திப் போகலாமா?